பெரியம்மாவின் பஃப்: நாலு ஞாயிற்றுக்கிழமைக் கதை

பெரியம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது. விழாவுக்கு வருகிற எல்லோரும் அறுபதுகளின் கோலத்தில் வரவேண்டும் என்று தம்பி ஒரு யோசனையைக் கிளப்பிவிட்டான். ஆண்களுக்கு என்ன, ஒரு கட்டம் போட்ட சட்டை, ஒரு கறுப்புக் கண்ணாடி, வேலை முடிந்தது. பெண்களுக்கும் புடவை சுலபம்தான். அம்மாவின் பீரோவில் பழைய பட்டும் நைலக்ஸும் இருக்கின்றன. சிக்கல் தலையில். பெரியம்மா எனக்கென்று தனியாக ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி தலை பண்ணிட்டு வா" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

1966இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ராணி மேரி கல்லூரியில் கடைசி வருடம், தோழிகளோடு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. நெற்றியிலிருந்து தலைமுடி அப்படியே பின்னால் எழும்பி உச்சியில் சின்னக் குன்றாக நிற்கிறது. ஒரு முடிகூடப் பிசிறில்லை. கழுத்துக்கு மேலே உருண்டையாக ஒரு கொண்டை, காதோரம் ஒரு சுருள், இடப்பக்கம் ஒற்றை ரோஜா. அந்தக் குன்றைத்தான் பெரியம்மா இன்றைக்கும் 'பஃப்' என்கிறார்.

பக்கத்துப் பார்லரில் போட்டோவைக் காட்டினேன். "பஃப் கிளிப் வச்சுடலாம் மேடம்" என்று பிளாஸ்டிக் வளைவு ஒன்றை எடுத்து உச்சியில் சொருகி, மேலே முடியை இழுத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. பக்கவாட்டில் முடி தட்டையாகப் படுத்திருக்க, நடுவில் மட்டும் ஒரு திடீர் மேடு. படத்திலோ மேடு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. விழாவுக்கு முன் நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

என் தலைமுடி இந்த வேலைக்கு உகந்ததல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீளம் பாதி முதுகு வரை, மெல்லிசு, நேர் முடி. சின்ன வயதிலிருந்து வாரம் தவறாமல் எண்ணெய் வைத்துப் பழகிய தலை. எப்படிச் சீவினாலும் அடுத்த நிமிடம் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அளவு வேண்டும். போட்டோவில் பெரியம்மாவின் புருவத்திலிருந்து முகவாய் வரை உள்ள தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக பஃப்பின் உயரம் இருந்தது. என் முகத்தில் அந்தத் தூரம் 12 செ.மீ. அப்படியென்றால் எனக்கு 7 செ.மீ. வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் ஊசிபோல நீண்ட வால் உள்ள சீப்பு ஒன்று வாங்கி, அந்த வாலில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக நெயில் பாலிஷ் தீட்டிவைத்தேன். உச்சியில் செங்குத்தாகச் சொருகி மண்டையைத் தொட்டதும் எத்தனை கோடு மறைந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். இந்த நாலு வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான். கண்ணாடி நம்மை ஏமாற்றும், கோடு ஏமாற்றாது.

முதல் ஞாயிறு. நல்ல நாள் பெரிய நாளுக்கு நாம் என்ன செய்வோம்? தலைக்குக் குளிப்போம். அதையே செய்தேன். ஷாம்பு, கண்டிஷனர், பளபளவென்று காயவைத்த முடி. உச்சி முடியைப் பிரித்துத் தூக்கிப் பிடித்து, சீப்பால் நுனியிலிருந்து வேருக்குத் தள்ளித் தள்ளிச் சிக்குப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் காக்கைக்கூடு. மேலே ஒரு அடுக்கு முடியை இழுத்து மூடினேன். சீப்பைச் சொருகினேன்: 5 செ.மீ. பரவாயில்லையே என்று வீடியோ காலில் பெரியம்மாவைக் கூப்பிட்டு, அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்காருவதற்குள் அது சரிய ஆரம்பித்துவிட்டது. 25 நிமிடத்தில் 2 செ.மீ. "தூக்கு பத்தலைடி" என்றார். மூன்று வாரமும் இதே தீர்ப்புத்தான் வரப்போகிறது என்பது அப்போது தெரியாது.

ஏன் சரிந்தது? ஒவ்வொரு முடியின் மேலும் நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப்போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. செதிலின் திறந்த முனை முடியின் நுனியைப் பார்த்தபடி இருக்கும். ஒரு முடியை விரலிடுக்கில் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு இழுத்துப்பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் லேசாகப் பிடிக்கும். பின்னோக்கிச் சீவும்போது அந்த ஓடுகளைத்தான் கிளப்பிவிட்டு ஒன்றோடொன்று மாட்டவைக்கிறோம். பஃப் நிற்பதே அந்தச் சிக்கின் பலத்தில்தான். கண்டிஷனரின் வேலையோ அதற்கு நேர் எதிர். செதிலைப் படியவைத்து மேலே வழுவழுப்பாகப் பூசிவிடுவது. எண்ணெயும் அதையேதான் செய்கிறது. வழுக்குகிற முடியில் சிக்குப் போட்டால் அது தானே அவிழும்.

சிக்கு விழக்கூடாது என்பதற்காகவே எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, படுக்கும்போது பின்னிப்போட்டு வளர்த்த தலை இது. அதில் வேண்டுமென்றே சிக்குப் போடுவதை அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே. ஒரு வார்த்தை பேசவில்லை. சாமி அறைக்குப் போய்விட்டார்.

அவிழ்ப்பதில் நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன், வேறு யாரும் செய்யவேண்டாம். சிக்கோடு அப்படியே குளியலறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டேன். ஈரத்தில் முடிச்சு இன்னும் இறுகியது. பதறிப்போய் வேரிலிருந்து சீப்பை இழுத்தேன். கொத்தாக வந்தது. கடைசியில் அம்மா வந்து உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயைக் கையில் ஏந்திச் சிக்கின் மேலே தடவி, ஐந்து நிமிடம் சும்மா விட்டார். பிறகு விரலால் மட்டும், நுனியிலிருந்து ஒவ்வொரு அங்குலமாக மேலே ஏறினார். சீப்பு கடைசியில்தான் வந்தது, அதுவும் பெரிய பல் சீப்பு. முக்கால் மணி நேரம் ஆனது. தலைக்குத் தண்ணீர் அதற்கப்புறம்தான்.

இரண்டாவது ஞாயிறுக்குப் பாடம் கற்றுக்கொண்டவளாக வந்தேன். முந்தின நாளே ஷாம்பு, கண்டிஷனர் நுனிக்கு மட்டும், வேர்ப்பக்கம் கிடையாது. ஒரு நாள் பழைய முடியில் லேசான சொரசொரப்பு வந்துவிடுகிறது. அதுதான் நமக்கு வேண்டியது. கூடவே ஐந்து பெரிய வெல்க்ரோ ரோலர் வாங்கியிருந்தேன். முடியை நனைத்து, ரோலரில் சுற்றிக் காயவைத்தால் வேரிலேயே எழும்பி நிற்கும் என்பது கணக்கு.

கணக்கு சரி, ரோலர் தப்பு. வெல்க்ரோவில் சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன. குட்டை முடிக்கு, ஏறக்குறையக் காய்ந்த முடிக்கு அது சரி. பாதி முதுகு நீளமுள்ள ஈர முடியை அதில் ஏழெட்டுச் சுற்று சுற்றினால் திரும்பி வராது. மூன்று ரோலரைப் பொறுமையாகப் பிரித்தேன். நாலாவதை அரை மணி நேரம் போராடி, கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டினேன். ரோலரைத்தான் வெட்டினேன், முடியை அல்ல. 90 ரூபாய் போயிற்று. மறுநாள் போய்ப் பஞ்சுபோன்ற ஸ்பாஞ்ச் ரோலர் வாங்கினேன். நீள முடிக்கு அதுதான்.

இருந்தாலும் அன்றைக்கு பஃப் எழும்பியது. 6 செ.மீ. காட்டியது. பெருமையாக மொட்டைமாடிக்குப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் சாயங்காலம் கடல் காற்று வந்தால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், தெரியுமல்லவா? ஒரு மணி நேரத்தில் 3 செ.மீ.

இது நடந்ததற்குக் காரணம் முடிக்குள்ளேயே இருக்கிறது. முடி என்பது கெராட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏராளமாகக் கட்டிவைத்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமான கட்டுகள். தண்ணீர் பட்டால் அவிழும். காய்ந்ததும், அப்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மறுபடி கட்டிக்கொள்ளும். ரோலர் வைத்துக் காயவைப்பதன் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் முடி காற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சக் கட்டு தளரும். ஈரம் ஏறினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும் என்பதை வைத்தே ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற விஞ்ஞானி 1783இல் தலைமுடியால் இயங்கும் ஈரமானி ஒன்றை உருவாக்கினார். மொட்டைமாடியில் என் தலையே ஒரு ஈரமானியாக வேலை செய்துகொண்டிருந்தது. (பெர்ம் செய்வது வேறு கதை. அதில் டைசல்ஃபைடு என்ற பலமான பிணைப்பையே மருந்து போட்டு உடைத்துச் சேர்ப்பார்கள். தண்ணீருக்கு அது அசையாது. ஒரு பிறந்தநாளுக்காக அவ்வளவு தூரம் போக நான் தயாராக இல்லை.)

ஆக, காற்றின் ஈரம் உள்ளே போகாமல் தடுக்க, காய்ந்ததும் விறைப்பாக நிற்கிற ஏதாவது ஒன்றை முடியில் பூசவேண்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை நிற்கிறதே, அதுபோல. பெரியம்மாவைக் கேட்டேன். "நாங்க சர்க்கரைத் தண்ணிதான்டி தெளிச்சுப்போம்" என்றார்.

மூன்றாவது ஞாயிறு சர்க்கரைக்குப் போனது. ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைத்து, ஆறவைத்து, தெளிப்பானில் ஊற்றி அடித்தேன். உண்மையிலேயே வேலை செய்கிறது. காய்ந்ததும் மொறுமொறுவென்று நின்றது. மதியம் வரை ராஜ நடை. பிறகு வியர்வையும் காற்றின் ஈரமும் சேரச் சர்க்கரை இளக ஆரம்பித்து, நெற்றியோரம் பிசுபிசுத்தது. சோபாவில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது காதோரச் சுருளில் வரிசையாக எறும்பு. பெரியம்மாவிடம் சொன்னால் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "நாங்க போட்டோ எடுத்ததும் வந்து குளிச்சிருவோமே, நீ ஏன் தூங்கினே?"

சர்க்கரைக்கு மாற்று ஆளிவிதை. கால் கப் விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் முட்டையின் வெள்ளைக்கருபோல நூலாக இழுக்கும். அந்தப் பதத்தில் உடனே இறக்கி, சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். நான் போன் பேசிக்கொண்டே ஆறவிட்டுவிட்டேன். விதையும் கூழும் பிரியாமல் துணியைக் கிழித்ததுதான் மிச்சம். இரண்டாவது தடவை ஒழுங்காக வந்தது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஒரு கைப்பிடி முடிக்கு ஒரு சொட்டுப் போதும், அதிகமானால் காய்ந்தபின் பொடுகுபோல வெள்ளையாக உதிரும். எறும்பு வரவில்லை.

ஆனால் உயரம்? சிக்கு, ரோலர், கூழ் எல்லாம் சேர்ந்தும் 6 செ.மீ. தாண்டவில்லை. என் முடியில் அதற்கு மேல் சரக்கு இல்லை. பெரியம்மாவுக்கு மட்டும் எப்படி வந்தது? அவருக்குமே அடர்த்தியான முடி கிடையாது, எங்கள் குடும்ப வாகு அப்படி. விடாமல் நச்சரித்ததும் போனில் கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் சொன்னார்: "உள்ளே உங்க மாமாவோட சாக்ஸ் இருக்குடி."

மாமாவின் கறுப்பு நைலான் சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி, கொண்டை வலையில் போட்டு, உச்சியில் வைத்துப் பின் குத்தி, மேலே முடியை இழுத்து மூடியிருக்கிறார். 59 வருடமாக ஆல்பத்தில் நாங்கள் எல்லோரும் வியந்து பார்த்த கூந்தலுக்குள் ஒரு சாக்ஸ். அன்றைக்கு மாமா ஒற்றைச் சாக்ஸைத் தேடி வீட்டையே புரட்டினாராம்.

அந்தக் காலத்தில் இது ஊருலகமெல்லாம் அடித்த காற்று. 1960இல் சிகாகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற சிகையலங்காரக் கலைஞரிடம் ஒரு தொழில் இதழ் புதிதாக ஏதாவது செய்துதரச் சொல்லிக் கேட்டது. தன்னிடம் இருந்த சின்னக் கறுப்பு வெல்வெட் தொப்பி ஒன்றின் வடிவத்தை மனதில் வைத்து அவர் உயர்த்திக் கட்டியதுதான் 'பீஹைவ்' என்ற தேன்கூட்டுக் கொண்டை. அடுத்த வருடம் வெள்ளை மாளிகைக்கு வந்த, அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடியின் உப்பிய தலையை உலகமே பார்த்தது. இங்கே பம்பாயில் இந்தி நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க, ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் பார்த்து நெற்றி முடியை வெட்டிவிட, அது 'சாதனா கட்' என்று ஊர் ஊராகப் பரவியது. மெட்ராஸ் கல்லூரிப் பெண்களுக்குத் தமிழ் சினிமா கதாநாயகிகள்தான் வாத்தியார். திரையில் எழும்பிய தலை மறுவாரமே கல்லூரி விடுதிக்கு வந்துவிடும் என்கிறார் பெரியம்மா. வாத்தியார்களுக்கு ஒப்பனை அறையும் ஆளும் இருந்தன. மாணவிகளுக்கு அண்ணன் தம்பியின் சாக்ஸ்.

அப்படிப் பார்த்தால் உள்ளே வைத்துக் கட்டுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சவுரி என்பது வேறென்ன? பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அவருடைய சவுரி ஒன்று துணியில் சுற்றி இருந்தது. நிஜ முடி, நல்ல கனம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 85 கிராம். அது அதிகம், உச்சியில் வைத்தால் பின்னால் இழுத்துச் சாயும். மூன்று பிரியில் ஒரு பிரியை மட்டும் பிரித்தெடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு வாழைப்பூ வடிவில் சுருட்டி, கொண்டை வலைக்குள் போட்டு நூலால் தைத்தேன். நடுவில் பருமன், இரண்டு ஓரமும் மெலிந்து இருக்கவேண்டும். பார்லர் கிளிப்பில் இல்லாதது இந்த மெலிவுதான். ஓரம் மெலிந்தால்தான் மேடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

நாலாவது ஞாயிறு எல்லாவற்றையும் சேர்த்தேன். இதை நிதானமாகச் சொல்கிறேன்.

முந்தின நாள் தலைக்குக் குளித்து, குனிந்து தலையைத் தொங்கவிட்டுக் காயவைத்தது. காலையில் உச்சி முடியை மட்டும் தெளிப்பானால் லேசாக ஈரமாக்கி, ஆளிவிதைக் கூழ் தடவி, நெற்றியிலிருந்து பின்னோக்கி ஐந்து ஸ்பாஞ்ச் ரோலர். இங்கே ஒரு நுணுக்கம். முடிக்கற்றையைப் பின்னால் இழுத்துச் சுற்றினால் ரோலர் வேருக்குப் பின்னால் போய் உட்காரும், தூக்கு வராது. கற்றையை முதலில் முன்பக்கமாக, நெற்றியை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, அப்படியே பின்னோக்கிச் சுருட்டிக்கொண்டு வந்தால் ரோலர் தன் சொந்த வேரின் மேலேயே ஏறி உட்காரும். கற்றையின் அகலம் ரோலரைவிட அதிகமாக இருக்கக்கூடாது. முழுக்கக் காயும்வரை காத்திருந்தேன், இரண்டரை மணி நேரம். ஹேர்டிரையர் அடித்தால் சீக்கிரம் ஆகும், ஆனால் சூடு ஆறுவதற்கு முன் ரோலரை எடுத்தால் எல்லாம் வீண்.

ரோலரை எடுத்ததும் சீவக் கை பரபரக்கும். சீவக்கூடாது. நெற்றியோரம் இரண்டு விரல் அகல முடியைத் தனியாகப் பிரித்து முன்னால் கிளிப் போட்டுவைத்தேன். இது திரை, இதில் சிக்கே படக்கூடாது. அதன் பின்னால் உள்ள உச்சி முடியைச் சுண்டுவிரல் பருமனுக்கு ஐந்து வகிடாகப் பிரித்துக்கொண்டு, பின்கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு கற்றையை நேர் மேலே விறைப்பாக இழுத்துப் பிடிக்கவேண்டும். விட்டுப்பிடித்தால் காக்கைக்கூடுதான். வேரிலிருந்து நாலு விரல்கடை மேலே சீப்பை நுழைத்து, கீழ்நோக்கி ஒரே தள்ளு. வேரில் போய் நின்றதும் சீப்பை முழுக்க வெளியே எடுத்து, மறுபடி மேலே நுழைத்து ஒரு தள்ளு. ரம்பம் அறுப்பதுபோல உள்ளேயே மேலும் கீழுமாக ஆட்டக்கூடாது. முதல் வாரம் நான் செய்தது அதுதான், முடிச்சு விழுவதும் அதனால்தான். முதல் தள்ளில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது தள்ளில் வேரில் மெத்தைபோல ஏதோ சேர்வது விரலுக்குத் தெரியும், சீப்புக்கும் 'சரக்' என்ற சத்தம் வரும். நாலு அல்லது ஐந்து தள்ளு. கையை விட்டால் கற்றை விழாமல் தானே நிற்கவேண்டும். நின்றால் அந்த மெத்தைக்கு மட்டும் கொஞ்சம் ஹேர் ஸ்ப்ரே, பத்து எண்ணும்வரை பொறுமை, அடுத்த கற்றை.

மூன்று கற்றை முடிந்ததும் அந்த மெத்தையின் மேல் சவுரிச் சுருளை வைத்தேன். வெறும் தலையில் பின் குத்தினால் பிடிப்பு இருக்காது. சிக்கில் குத்தினால் கவ்விக்கொள்ளும். பின் விஷயத்தில் எனக்கு ஒரு ஞானோதயம். ஹேர்பின்னில் ஒரு கால் நேராகவும் ஒரு கால் நெளியாகவும் இருக்கிறதே, அந்த நெளிகால் மண்டையைப் பார்த்துக் கீழே இருக்கவேண்டுமாம். இத்தனை வருடமும் தலைகீழாகக் குத்திவந்திருக்கிறேன். ஓரத்துக்கு இரண்டாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி குத்தினால் அசையாது. மீதி இரண்டு கற்றையையும் சிக்குப் போட்டுச் சுருளின் மேல் போர்த்தி, கடைசியில் நெற்றித் திரையை அவிழ்த்து எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னால் கொண்டுபோனேன்.

மேற்பரப்பை வழிக்கச் சீப்பு உதவாது, உள்ளே போய்ச் சிக்கைக் கலைத்துவிடும். புது டூத்பிரஷ் ஒன்றில் கொஞ்சம் ஸ்ப்ரே அடித்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல மேலாகத் தடவினேன். பிசிறெல்லாம் படிந்தது. பின்பக்கம் மீதி முடியைச் சேர்த்து முறுக்கி உருண்டைக் கொண்டை. அதற்கு யு வடிவக் கொண்டை ஊசிகள். மொத்தம் 22. கொல்லிமலை ஏறும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதாம், நான் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை. காதோரக் கற்றையை விரலில் சுற்றி, கூழ் தடவி, கன்னத்தோடு ஒட்டி டேப் போட்டுக் காயவிட்டேன். ஏதாவது ஒரு இடம் தட்டையாகத் தெரிந்தால் சீப்பின் வாலை உள்ளே விட்டு மெல்ல நெம்பினால் எழும்பிக்கொள்ளும்.

ஏழரை கோடு மறைந்தது. நாலு மணி நேரம் கழித்து, இரண்டு தடவை மொட்டைமாடிக்குப் போய்வந்த பிறகும் 7. வீடியோ காலில் பெரியம்மா முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். திரும்பச் சொன்னார். குனியச் சொன்னார். "ரோஜா வைக்க இடம் விட்டியா?" என்று கேட்டார். தீர்ப்பு அதுதான்.

விழா நாளன்றுதான் நான் யோசிக்காத சில விஷயங்கள் வந்தன. ஸ்கூட்டரில் போகமுடியாது, ஹெல்மெட் எங்கே மாட்டுவது? ஆட்டோவில் ஏறும்போது மேல் கம்பியில் இடித்து ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் போயிற்று, சீப்பு வாலால் நெம்பிச் சரிசெய்தேன். மல்லிகை வைக்கலாம் என்று அத்தை இரண்டு முழம் நீட்டினார்; ஈரத் துணியில் சுற்றிவைத்த பூ, கனமும் ஈரமும் சேர்ந்து பஃப்பைப் படுக்கவைத்துவிடும் என்று கொண்டைக்குக் கீழே மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஸ்ப்ரே பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் ஆல்கஹால் இருக்கிறது. டப்பாவிலிருந்து அதைத் தள்ளுகிற வாயுவும் பெரும்பாலும் எரியக்கூடியது. முன்பு எரியாத குளோரோஃபுளோரோகார்பன் இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் சொன்ன பிறகு மெல்ல மெல்ல ஒழித்தார்கள். (அதற்கும் முன்னால், ஆரம்பகால ஸ்ப்ரேக்களில் விறைப்புக்குக் கலந்தது அரக்கு. ஆமாம், தபால் உறைக்கு முத்திரை வைப்போமே, அதே குடும்பம்.) குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டபோது நான் பின்வாங்கியதும், கேக் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் போகாததும் அடக்கத்தால் அல்ல.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நடந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பெரியம்மா முந்தின இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் என் தலையை நான் முடித்துத் திரும்பினால், அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். "எனக்கும்."

அவருக்கு இப்போது கழுத்தளவு முடி, முழு வெள்ளை, உச்சியில் மண்டை தெரிகிற அளவுக்கு மெல்லிசு. இதில் பின்னோக்கிச் சீவ எனக்குத் தைரியம் இல்லை. எண்பது வயது முடி, ஒன்று உதிர்ந்தாலும் அது என் கணக்கில். மூன்று ஸ்பாஞ்ச் ரோலரை மட்டும் தளர்வாகச் சுற்றினேன். அவர் இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, பேப்பர் படித்து முடிக்கும்வரை அது காய்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், நரைத்த முடியின் அந்த விறைப்புக்கு என் முடியைவிடச் சுலபமாகத் தூக்கு வந்தது. உள்ளே வைக்கச் சவுரியில் மீதி இருந்த பிரியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை முடிக்குள்ளிருந்து கறுப்பு அப்படியே தெரிந்தது. கொசுவலைத் துணியில் ஒரு வெள்ளைத் துண்டு வெட்டி, நாலாக மடித்து, ஓரத்தை மெலிய வைத்து, இரண்டே பின்னில் நிறுத்தினேன். மேலே டூத்பிரஷ், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரே ஒரு ஸ்ப்ரே.

சீப்பைச் சொருகினேன். 4 செ.மீ. "இது போதும் பெரியம்மா, அழகா இருக்கு" என்றேன்.

பெரியம்மா கண்ணாடியில் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். 1966 போட்டோவை ஒரு கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் தூக்குடி. உங்க மாமா சாக்ஸ் ஏதாவது இருக்கா பாரு."